பட்டியலும் அகரவரிசையும்: எழில் மொழியில் ஒரு தொடக்கப் பாடம்

முன்னுரை

பொருள்களைத் தொகுத்து எண்ணிப் பயில்வது தமிழர்க்குப் புதிதன்று. முத்தமிழ் என்றும், முக்கனி என்றும், நானிலம் என்றும், அறுசுவை என்றும் எண்ணோடு சேர்த்துச் சொல்லும் வழக்கு நம் மொழியில் வேரூன்றியுள்ளது. வீரமாமுனிவர் 1732-ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியின் நான்கு பகுதிகளுள் ஒன்றாகிய தொகையகராதி இத்தகைய தொகைச் சொற்களுக்கென்றே அமைந்தது. அதற்கு முன்னரே திவாகரம், பிங்கலம் முதலான நிகண்டுகள் சொற்களை வகைப்படுத்திப் பட்டியலாக்கித் தந்துள்ளன. ஆகவே, கணிப்பொறி நிரலாக்கத்தில் 'பட்டியல்' என்னும் கருத்தைக் கற்கப் புகும் தமிழ்த்துறை மாணவர் அறியாத நிலத்தில் கால்வைக்கிறோம் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

எனினும் ஒரு வினா எழும். நிரல் எழுதுவது கணிதத் துறையினரின் வேலையன்றோ, தமிழ் பயில்வோர்க்கு அதனால் ஆவதென்ன என்பதே அவ்வினா. இக்கட்டுரையின் முற்பகுதியில், பட்டியலை ஆக்குவது, எண்ணுவது, தேடுவது ஆகியவற்றை எளிய முறையில் காண்போம். பிற்பகுதியில், பட்டியலை அகரவரிசைப்படுத்தப் புகுங்கால் நேரும் ஒரு பிழையினை எடுத்துக்கொண்டு, அதனைத் திருத்தும் அறிவு தமிழ் இலக்கணத்தில்தான் உள்ளது என்பதை நிறுவுவோம். மேற்கண்ட வினாவிற்கு அதுவே விடையாகும்.

எழில் என்னும் நிரல்மொழி

கணிப்பொறிக்கு நாம் இடும் கட்டளைகளின் தொகுதி நிரல் எனப்படும். அக்கட்டளைகளை எழுதுவதற்குரிய மொழி நிரல்மொழி ஆகும். தொடக்க நிலையினர்க்கு ஏற்றதென உலகெங்கும் போற்றப்படுவது பைத்தான் மொழி. கைடோ வான் ராசம் என்பார் அதனை 1991-இல் வெளியிட்டார். அதன் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் அமைந்தவை. தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்டு சிறுவரும் நிரல் எழுத வேண்டும் என்னும் நோக்கில், முத்தையா அண்ணாமலை என்னும் பொறியாளர் 2007-ஆம் ஆண்டளவில் 'எழில்' என்னும் மொழியை உருவாக்கத் தொடங்கினார். அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அவர் 2009-இல் வெளியிட்டார். எழில், பைத்தானின் மேல் கட்டப்பட்டது. எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்தமூல மென்பொருள்.

எழிலில் 'பதிப்பி' என்றால் திரையில் காட்டு என்பது பொருள். 'ஆனால்' என்பது நிபந்தனையைக் குறிக்கும். 'ஒவ்வொன்றாக' என்பது பட்டியலின் உறுப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்ளச் சொல்லும். 'முடி' என்பது ஒரு கட்டளைத் தொகுதியின் இறுதியைக் காட்டும். இந்நான்கு சொற்களும் நமக்கு முன்பே தெரிந்தவை. இவற்றோடு ஓரிரு செயற்கூறுகளை அறிந்தால் இப்பாடத்திற்குப் போதும்.

பட்டியல் ஆக்கல்

கள்ளக்குறிச்சி மாவட்டம் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. அதில் ஒன்பது ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அர்த்தநாரீசுவரர் கோயிலால் அறியப்படும் ரிஷிவந்தியம் அவற்றுள் ஒன்று. சுந்தரர் பிறந்த திருநாவலூர் மற்றொன்று. கோமுகி, மணிமுத்தா ஆறுகள் பிறக்கும் மலைநாடு கல்வராயன்மலை ஒன்றியமாக உள்ளது. இவ்வொன்பதினையும் எழிலில் ஒரு பட்டியலாக எழுதுவோம்.

ஒன்றியங்கள் = ["ரிஷிவந்தியம்", "சங்கராபுரம்", "திருக்கோவிலூர்", "கள்ளக்குறிச்சி", "தியாகதுருகம்", "உளுந்தூர்ப்பேட்டை", "திருநாவலூர்", "சின்னசேலம்", "கல்வராயன்மலை"]
பதிப்பி ஒன்றியங்கள்

சதுர அடைப்புக்குறி பட்டியலின் வேலி. காற்புள்ளி ஓர் உறுப்பினை மற்றோர் உறுப்பிலிருந்து பிரிக்கும் வரப்பு. இரட்டை மேற்கோளுக்குள் இருப்பவை எழுத்துச் சரங்கள். சமக்குறிக்கு இடப்புறம் உள்ள 'ஒன்றியங்கள்' என்பது பட்டியலுக்கு நாம் இட்ட பெயர். இனி இப்பெயரைச் சொன்னால் ஒன்பது பெயர்களும் நம் கைக்கு வரும்.

வெறும் பட்டியலில் தொடங்கிப் பின்னர் ஒவ்வோர் உறுப்பாகச் சேர்க்கவும் இயலும். அதற்குப் 'பின்இணை' என்னும் செயற்கூறு உதவும்.

தமிழ் = பட்டியல்()
பின்இணை( தமிழ், "இயல்" )
பின்இணை( தமிழ், "இசை" )
பின்இணை( தமிழ், "நாடகம்" )

முதல் வரியில் பிறந்தது உறுப்பற்ற பட்டியல். நான்காம் வரி முடிந்தபோது அது முத்தமிழ் ஆயிற்று. புதிய உறுப்பு எப்போதும் இறுதியிலேயே சேரும் என்பதை நினைவிற் கொள்க.

எண்ணலும் எடுத்தலும்

பட்டியலில் எத்தனை உறுப்புகள் உள்ளன என அறிய 'நீளம்' உதவும். குறிப்பிட்ட ஓர் உறுப்பினைப் பெற 'எடு' உதவும்.

பதிப்பி நீளம்( ஒன்றியங்கள் )
பதிப்பி எடு( ஒன்றியங்கள், 0 )

முதல் வரி 9 என்னும் விடையைத் தரும். இரண்டாம் வரி ரிஷிவந்தியம் என்று காட்டும். முதல் உறுப்பினைப் பெற ஒன்று என எழுதாமல் சுழியம் என எழுதியதேன் என்று மாணவர் கேட்பர். இவ்வெண் உறுப்பின் வரிசை எண் அன்று. பட்டியலின் தொடக்கத்திலிருந்து அவ்வுறுப்பு எத்துணைத் தொலைவில் உள்ளது என்பதைக் காட்டும் எண். தெருமுனையில் உள்ள முதல் வீட்டை அடைய நாம் எந்த வீட்டையும் கடக்க வேண்டுவதில்லை. எனவே அதன் எண் சுழியம். ஒன்பதாம் வீட்டை அடைய எட்டு வீடுகளைக் கடக்க வேண்டும். எனவே அதன் எண் 8. ஒன்பது உறுப்புள்ள பட்டியலில் 9-ஆம் எண்ணைக் கேட்டால் கணிப்பொறி பிழை என்று அறிவிக்கும். தொடக்க நிலையினர் பலர் இவ்விடத்தில்தான் இடறுவர்.

ஒவ்வொன்றாகச் செல்லல்

பட்டியலின் பெரும்பயன், எல்லா உறுப்புகளையும் ஒரே கட்டளையால் கடந்து செல்ல முடிவதே. உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என மூன்று காண்டங்களை உடையது. அவற்றில் முறையே 24, 21, 47 படலங்கள் உள்ளன. மொத்தம் எத்தனை படலங்கள் என்பதை நிரலைக் கொண்டு காண்போம்.

படலங்கள் = [24, 21, 47]
மொத்தம் = 0
@( படலங்கள் இல் காண்டம் ) ஒவ்வொன்றாக
    மொத்தம் = மொத்தம் + காண்டம்
முடி
பதிப்பி மொத்தம்

முதற்சுற்றில் 'காண்டம்' என்னும் பெயர் 24 என்னும் மதிப்பைப் பெறும்; மொத்தம் 24 ஆகும். இரண்டாம் சுற்றில் 21 சேர்ந்து 45 ஆகும். மூன்றாம் சுற்றில் 47 சேர்ந்து 92 ஆகும். பட்டியல் முடிந்தவுடன் சுற்றும் முடியும். மூன்று உறுப்புகளுக்கு எழுதிய இந்நிரலே மூவாயிரம் உறுப்புகளுக்கும் பொருந்தும். நிரலில் ஓர் எழுத்தும் மாற வேண்டுவதில்லை. மனிதன் கையால் கூட்டுவதற்கும் கணிப்பொறி கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். ஒரு பட்டியலுக்கு இரண்டு பெயர்கள் இட்டால் பட்டியல் இரண்டாகிவிடாது. பைத்தானில் 'ஆ = அ' என்று எழுதினால், அ என்னும் பட்டியலுக்கு ஆ என்னும் மற்றொரு பெயர் கிடைக்கிறது, அவ்வளவே. ஆ-வில் ஓர் உறுப்பினைச் சேர்த்தால் அ-விலும் அது தோன்றும். ஒருபொருட் பன்மொழியை அறிந்த தமிழ் மாணவர்க்கு இது வியப்பளிக்காது. ஞாயிறு, கதிரவன், பரிதி எனப் பெயர் பலவாயினும் வானில் உள்ள சுடர் ஒன்றே அன்றோ?

தேடல்

இனி, பட்டியலில் ஒரு பெயர் உள்ளதா எனத் தேடுவோம்.

கண்டது = 0
@( ஒன்றியங்கள் இல் பெயர் ) ஒவ்வொன்றாக
    @( பெயர் == "ரிஷிவந்தியம்" ) ஆனால்
        கண்டது = கண்டது + 1
    முடி
முடி
பதிப்பி கண்டது

ஒற்றைச் சமக்குறி பெயரிடுவதற்கு. இரட்டைச் சமக்குறி ஒப்பிடுவதற்கு. இந்நிரலின் விடை 1. ஆனால், ஒப்பிடும் இடத்தில் 'இரிஷிவந்தியம்' என்றோ, 'ரிசிவந்தியம்' என்றோ எழுதிவிட்டால் விடை 0 ஆகிவிடும். ஊர் ஒன்றுதான், மக்களும் அவர்களே. ஆயினும் கணிப்பொறிக்கு அது இல்லாத ஊர்.

இதனினும் நுண்ணிய இடர் ஒன்று உண்டு. 'திருக்கோவிலூர்' என்னும் பெயரில் உள்ள 'கோ' என்னும் எழுத்தைக் கணிப்பொறியில் இருவகையாகப் பதியலாம். ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகப் பதியலாம். இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியெண்களாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குறியெண்களை நேருக்கு நேர் ஒப்பிடும் நிரலோ இரண்டும் வெவ்வேறு என்று கூறிவிடும். ஆகையால் ஒப்பிடுவதற்கு முன் இருவகைப் பதிவினையும் ஒருவகையாக்கிக்கொள்ளுதல் வேண்டும்.

உதவித்தொகைக்கு விண்ணப்பித்த மாணவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர்தம் ஊர்ப்பெயர் ஒரு பட்டியலில் ஒருவகையாகவும் மற்றொரு பட்டியலில் வேறுவகையாகவும் பதிவாகியிருப்பின், இரண்டையும் ஒப்பிடும் நிரல் அவரை விலக்கிவிடும். விலக்கியது எவரும் அறிந்து செய்த தீங்கன்று. ஆயினும் இழப்பு அவருடையதே.

வரிசைப்படுத்தலும் அதன் குறையும்

பட்டியலை அகரவரிசைப்படுத்தப் பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரே கட்டளை போதும். நம் ஒன்றியப் பட்டியலைப் பைத்தானின் இயல்பான முறையில் வரிசைப்படுத்தினால் கிடைப்பது இது: உளுந்தூர்ப்பேட்டை, கல்வராயன்மலை, கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், சின்னசேலம், தியாகதுருகம், திருக்கோவிலூர், திருநாவலூர், ரிஷிவந்தியம். அகராதி முறைப்படி பார்த்தாலும் இதில் ஒரு பிழையும் இல்லை. கணிப்பொறி தமிழ் அகரவரிசையை அறிந்துள்ளது என்றே எவரும் மகிழ்வர்.

இம்மகிழ்ச்சி நிலைக்காது. உழவர் வாழ்வில் வழங்கும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்: கவண், கழனி, களம். தமிழ் நெடுங்கணக்கில் வகரத்தின்பின் ழகரமும், அதன்பின் ளகரமும் வரும். ஆகவே இம்மூன்றும் இப்போது நிற்கும் வரிசையே அகராதி வரிசை. இதனைக் கணிப்பொறியிடம் தந்து வரிசைப்படுத்தச் சொன்னால் அது களம், கழனி, கவண் எனத் தலைகீழாகத் தரும். அவ்வாறே 'கண்' என்னும் சொல் 'கணக்கு' என்பதற்கு முன் வர வேண்டும். கணிப்பொறியோ கணக்கை முன்னும் கண்ணைப் பின்னும் வைக்கும். ஒன்பது பெயர்களில் ஒளிந்திருந்த பிழை மூன்று சொற்களில் வெளிப்பட்டது. ஒரு நிரல் சில எடுத்துக்காட்டுகளுக்குச் சரியான விடை தந்தது என்பதனாலேயே அது சரியான நிரலாகிவிடாது என்னும் பாடத்தையும் நாம் இங்குப் பெறுகிறோம்.

குறையின் காரணம்

கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஓர் எண் வழங்கப்பட்டுள்ளது. இன்று உலகெங்கும் வழங்கும் முறை ஒருங்குறி. அதன் முதற்பதிப்பு 1991-இல் வெளிவந்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் அதில் ஒதுக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுக்கென 1988-இல் அமைந்த 'இஸ்கி' என்னும் குறியீட்டு முறையின் அடிப்படையில் இவ்விடங்கள் பகுக்கப்பட்டன.

அம்முறை இந்திய எழுத்துகள் அனைத்தையும் ஒரே சட்டகத்தில் அடக்கியது. தேவநாகரியின் வரிசையே அச்சட்டகத்தின் அடிப்படை. அதில் இல்லாத தமிழ் எழுத்துகளுக்கு, ஒலியால் நெருங்கிய எழுத்துகளின் அருகே இடம் தரப்பட்டது. அதனால் நகரம் 2984 ஆகவும், நெடுங்கணக்கின் இறுதியில் நிற்க வேண்டிய னகரம் 2985 ஆகவும், பகரம் 2986 ஆகவும் அமைந்தன. ரகரத்தை அடுத்தே றகரம் வந்தது. ளகரம் 2995, ழகரம் 2996, வகரம் 2997 என ஆயின. கவண், கழனி, களம் ஆகிய மூன்றும் தலைகீழாகியதன் காரணம் இதுவே. மெய்யெழுத்தின் புள்ளிக்குரிய எண் 3021. அது உயிர்மெய்க் குறிகள் எல்லாவற்றிற்கும் பின் நிற்பதால் கண்ணைக் கணக்கு முந்தியது.

இதனைக் கணிப்பொறியின் குற்றம் என்று சொல்வதற்கில்லை. அது தனக்குத் தரப்பட்ட எண்களைச் சிறியது முதல் பெரியது வரை செவ்வனே அடுக்கியது. எண்களுக்கும் தமிழ் வரிசைக்கும் தொடர்பு அறுந்ததே குறை. எந்த வரிசையும் இயற்கையில் விளைந்ததன்று. யாரோ ஒருவர் எண்ணித் துணிந்து அமைத்ததே. அரபு மொழியின் முதல் அகராதியாகிய கிதாபுல் ஐன் இதற்குச் சான்று பகரும். 8-ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அலிஃப் முதலாக வரும் வழக்கமான வரிசையை விடுத்து, தொண்டையில் பிறக்கும் ஐன் என்னும் எழுத்தை முதலாகக் கொண்டு, ஒலி பிறக்கும் இடத்தின் முறைப்படி அந்நூலை அமைத்தார். நூலின் பெயரே அவ்வெழுத்தால் அமைந்தது. எழுத்துகளின் பிறப்பை ஆராயும் பிறப்பியல் என்னும் இயலைத் தொல்காப்பியத்தில் கற்ற நமக்கு அவருடைய நோக்கு எளிதில் விளங்கும்.

தொல்காப்பியர் தந்த பட்டியல்

குறையைத் தீர்க்கும் வழி யாது? கணிப்பொறிக்கு மற்றொரு பட்டியலைக் கொடுப்பதே வழி. அப்பட்டியலை நாம் புதிதாக ஆக்க வேண்டுவதில்லை. அகரம் முதல் னகரம் இறுதியாக எழுத்து முப்பது என்று தொல்காப்பியர் தம் நூலின் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட்டார். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு. முதலும் இறுதியும் குறிக்கப்பட்டமையால் அது வெறும் எண்ணிக்கையன்று, வரிசையுள்ள பட்டியல்.

இதனை நிரலுக்கு ஏற்ப விரித்துக்கொள்வோம். உயிர் பன்னிரண்டும் 1 முதல் 12 வரை. ஆய்தம் 13. அதன்பின் ஒவ்வொரு மெய்க்கும் பதின்மூன்று இடங்கள்: புள்ளி பெற்ற மெய் முதலிலும், அகரம் முதல் ஔகாரம் வரை பன்னிரண்டு உயிர்மெய்கள் அதன்பின்னும் அமையும். ஆகவே ககர மெய் 14, ககர உயிர்மெய் 15, கா 16 எனத் தொடரும். மெய்யின் வரிசை எண்ணைப் பதின்மூன்றால் பெருக்கி, உயிரின் வரிசை எண்ணைக் கூட்டி, மேலும் ஒன்றைக் கூட்டினால் எழுத்தின் இடம் கிடைக்கும். புள்ளி பெற்ற மெய்யாயின் உயிரின் எண்ணைச் சுழியமாகக் கொள்க. இறுதி எழுத்தாகிய னௌ என்பதற்கு, பதினெட்டைப் பதின்மூன்றால் பெருக்க 234. பன்னிரண்டும் ஒன்றும் கூட்ட 247. பள்ளிப் பருவத்தில் நாம் மனனம் செய்த இருநூற்று நாற்பத்தேழு இங்கே ஒரு வாய்பாட்டின் விடையாக வந்து நிற்கிறது.

இவ்வெண்களைக் கொண்டு முன்னைய சொற்களைச் சோதிப்போம். கவண் என்பதன் இரண்டாம் எழுத்தாகிய வகர உயிர்மெய் 184. கழனியில் ழகர உயிர்மெய் 197. களத்தில் ளகர உயிர்மெய் 210. வரிசை செம்மையுற்றது. 'கண்' என்பதில் ணகர மெய் 79. 'கணக்கு' என்பதில் ணகர உயிர்மெய் 80. கண் முந்தியது.

இம்முறையில் ஒரு முன்பணி உண்டு. சொல்லை எழுத்துகளின் பட்டியலாகப் பிரித்தல் வேண்டும். 'தமிழ்' என்னும் சொல்லின் நீளம் யாது எனப் பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று கூறும். தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என அது குறிகளை எண்ணும். நாமோ த, மி, ழ் என மூன்று எழுத்துகளையே காண்போம். குறிகளை அவற்றுக்குரிய எழுத்தோடு சேர்த்துப் பிரிக்கும் பணியைச் செய்ய, ஓபன்-தமிழ் என்னும் திறந்தமூல நிரல்தொகுப்பு உள்ளது. எழிலை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் அவர்தம் குழுவினரும் அதனை உருவாக்கினர். உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய கூட்டம் என்னும் இலக்கண அறிவே அத்தொகுப்பின் உள்ளீடு. ஒருங்குறி அமைப்பினரும் மொழிதோறும் ஏற்ற வரிசை அட்டவணைகளைத் தனியே வெளியிட்டுள்ளனர். எனினும் தொடக்க நிலை மாணவர் எழுதும் ஒருவரிக் கட்டளை அவ்வட்டவணையைத் தானே நாடிச் செல்லாது. நாடவேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் அறிந்திருத்தல் வேண்டும்.

பட்டியலுக்குப் புறத்தே நிற்பவை

இனி ரிஷிவந்தியம் என்னும் பெயரை எழுத்துகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் உரிய எண்ணை இடுவோம். ரி 160, வ 184, ந் 105, தி 95, ய 145, ம் 131. ஏழெழுத்துச் சொல்லில் ஆறெழுத்திற்கு எண் கிடைத்தது. இரண்டாம் எழுத்தாகிய 'ஷி' நம் பட்டியலிலேயே இல்லை. நிரல் அதனைத் தேடிக் காணாது பிழையறிவித்து நின்றுவிடும். மேலும், ரகரம் மொழிக்கு முதலில் வாராது என்பது இலக்கண மரபு. விதியை மட்டும் நோக்கினால் இவ்வூர்ப்பெயர் இரண்டு இடங்களில் வரம்பு கடந்தது. ஆயினும் அவ்வூர் உள்ளது. அங்கு மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் கல்வி நாடி வருகின்றனர்.

நம் கல்லூரியின் வருகைப் பதிவேட்டைப் போன்ற ஒன்றை எண்ணிப் பார்ப்போம். அப்துல், தமீம், ஜமால், ஹமீது, ஃபாத்திமா என்னும் பெயர்கள் அதில் உள்ளன எனக் கொள்வோம். குறியெண் முறையில் அடுக்கினால் ஆய்தத்தின் எண் 2947 ஆகவும் அகரத்தின் எண் 2949 ஆகவும் இருப்பதால், ஃபாத்திமா அப்துலுக்கும் முன்னே சென்றுவிடுவார். ஆய்தமின்றிப் பாத்திமா என்று எழுதியிருப்பின் தமீமுக்கும் பின்னே செல்வார். ஒரே பெயருடைய மாணவியர் இருவர் எழுத்து வேறுபாட்டால் பட்டியலின் இரு வேறு கோடிகளில் நிற்பர். முப்பது எழுத்தின் விரிவாகிய 247-ஐ மட்டும் கொண்ட நிரலுக்கோ ஜமாலும் ஹமீதும் இடமற்றவர் ஆவர்.

ஆகவே நம் பட்டியலை நீட்டுதல் வேண்டும். தற்கால வழக்கில் ஜ, ஷ, ஸ, ஹ என்னும் நான்கும் னகரத்தின்பின் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றிற்கும் பதின்மூன்று இடம் தந்தால் 52 இடங்கள் கூடி மொத்தம் 299 ஆகும். ஷகரம் இவ்வரிசையில் இருபதாம் மெய்யாக நிற்கும். இருபதைப் பதின்மூன்றால் பெருக்க 260. இகரத்தின் எண் மூன்றும் மேலும் ஒன்றும் கூட்ட 264. இப்போது ரிஷிவந்தியம் முழுமையான பட்டியல் ஆகிறது:

ஊர் = [160, 264, 184, 105, 95, 145, 131]

ஏழு எண்களுள் ஒன்று மட்டும் 247-ஐக் கடந்து நிற்கிறது. அதற்கு இடமளித்ததால் தொல்காப்பியரின் வரிசை சிறிதும் குலையவில்லை. அகரம் முதல் னகரம் வரை யாவும் இருந்தவாறே உள்ளன. மரபைக் காத்தலும் வந்தோர்க்கு இடமளித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை இச்சிறு வாய்பாடு காட்டுகிறது.

நிறைவுரை

பட்டியலை ஆக்கவும், எண்ணவும், கடந்து செல்லவும், தேடவும் கற்பது சில மணிநேரப் பயிற்சியால் கைகூடும். எதனைப் பட்டியலில் சேர்ப்பது, எம்முறையில் அடுக்குவது, முறைக்குள் அடங்காததை என் செய்வது என்பவை நிரல்மொழி விடைதரும் வினாக்கள் அல்ல. அவற்றிற்கு மொழியறிவும் மக்களறிவும் வேண்டும். எழுத்திலக்கணம் கற்ற ஒருவர் அருகிருந்தால் குறியீட்டு அட்டவணையின் குறையை முதல் நாளிலேயே கண்டு சொல்வார்.

கணிப்பொறித் துறையில் வழங்கும் 'அல்காரிதம்' என்னும் சொல், 9-ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. ஓர் அறிவுத்துறை எந்நாட்டிலும் எம்மொழியினராலும் வளரக்கூடியது என்பதற்கு அச்சொல் நிலைத்த சான்று. இன்று பள்ளி, நூலகம், மருத்துவமனை, நியாயவிலைக் கடை என எங்கும் நம் பெயர்கள் ஏதேனும் ஒரு பட்டியலில் உறுப்பாக உள்ளன. அப்பட்டியல்களைத் தமிழில் பிழையின்றி அமைக்கும் பொறுப்பைப் பிறரே ஏற்கட்டும் எனத் தமிழ் கற்றோர் ஒதுங்கி நிற்றல் தகாது.

எனவே, மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்ப்பெயரையும் தம் பெயரையும் எழுத்து எழுத்தாகப் பிரித்து, மேற்காட்டிய வாய்பாட்டின்படி எண்ணிட்டுப் பார்ப்பார்களாக. நண்பர் பத்துப் பேரின் பெயர்களையும் அவ்வாறே எண்ணிட்டு, கையால் அடுக்கிய வரிசையும் கணிப்பொறி அடுக்கிய வரிசையும் ஒத்துள்ளனவா எனச் சோதிப்பார்களாக. எங்கே வேறுபாடு தோன்றுகிறதோ அங்கே ஒரு தமிழ் இலக்கண விதி தம்மை அழைக்கிறது என அறிவார்களாக. பட்டியலில் ஒரு பெயரும் விடுபடாதிருக்கக் காணும் அந்நாளே இப்பாடம் நிறைவுறும் நாளாகும்.